பெரிய மணியும் சின்ன மணியும்

சாவு வீட்டில் வாய்விட்டுச் சிரித்த முட்டாள் நான். துக்கம் தாங்காமல் சிரித்துவிட்டேன் என்று கதை கட்டலாம். உண்மையில் சந்தோசத்தில்தான் சிரித்தேன்.

அது யுத்த காலம். எங்கள் ஊரில் கடிகாரம் கிடையாது. வயல்களுக்கு அப்பால் தெரிந்த ராயப்பன்பட்டி மாதா கோயில் மணிக்கூண்டுதான் நேரம் சொல்லும். விபூதி பூசிய நாங்களும் அந்த மணிக்குத்தான் உலை வைத்தோம், மடை மாற்றினோம். உச்சி மணி அடித்தால் என் மாடுகள் ஏரோடு தாமாகவே நின்றுவிடும். பக்தி இல்லை, பசி. எனக்கும் அப்படித்தான். கூண்டில் இரண்டு மணிகள் தொங்கின. அவை என்னென்னவோ சொல்லும். எனக்கு விளங்கியது சாப்பாட்டு மணி மட்டும்.

என் வயலுக்கு அடுத்த வயல்காரன் அந்த ஊர்க்காரன், என் கூட்டாளி. அவர்கள் நோன்பு இருக்கும் ஒரு தபசுகாலத்தில், அவன் மாமனார் வீட்டார் முன்னால், அவனுடைய மெலிந்த மாட்டைக் காட்டி, "இதையும் நோன்பு இருக்க வச்சுட்டியா?" என்று கேட்டுவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அவன் பெண்டாட்டி மட்டும் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் வரப்பில் நின்று சொல்லுவாள். "ஒரு வார்த்தை மன்னிச்சுக்கன்னு சொல்லுங்கண்ணே, அவுக மறந்துருவாக." நடவு முடியட்டும் என்பேன். நடவு முடிந்தால் அறுப்பு முடியட்டும் என்பேன்.

ஒரு காலையில் நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தது. பாதையில் வந்த வண்டிக்காரர், துக்க மணி, உங்க கூட்டாளி வீட்டுலதான் என்றார். அவனுக்குக் கடும் காய்ச்சல் என்று முன்னமே கேள்விப்பட்டிருந்தேன். யார், என்ன என்று கேட்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அழுதுகொண்டே ஓடினேன்.

வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான், உயிரோடு. கட்டிப்பிடித்துச் சிரித்தேன். நல்ல வேளை, நீ இல்லைடா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவன் கைகள் தொங்கியபடியே இருந்தன. அப்புறம்தான் உள்ளே பார்த்தேன். மெழுகுவத்திகளுக்கு நடுவே அவள் கிடந்தாள். அவனிடமிருந்து தொற்றிய காய்ச்சல் அவனை விட்டுவிட்டு அவளைக் கொண்டுபோயிருந்தது.

ஆண் போனால் பெரிய மணியில் ஆரம்பிப்பார்களாம், பெண் போனால் சின்ன மணியில். அன்று சின்ன மணிதான் முதலில் அடித்திருக்கிறது. அந்த ஊரில் இது தெரியாத ஆள் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மணியைக் கேட்டு வளர்ந்த எனக்குத்தான் தெரியவில்லை. என் காதுக்கு வயிற்றோடு மட்டும்தான் சகவாசம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்து வாசலில் அவன் முன்னால் போய் நின்றேன். எதற்காகச் சிரித்தேன் என்று விளக்கினேன். மணிக் கணக்கு தெரியாது என்றேன். போனது நீதான் என்று நினைத்துவிட்டேன் என்றேன். எவ்வளவு அவன் காதில் ஏறியதோ தெரியாது. கடைசியில் அந்த மாட்டுப் பேச்சுக்கு என்னை மன்னிச்சுக்க என்று சொல்லிவிட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லு."