விழாமல் வந்த பல்

என் டைரியின் கடைசிப் பக்கத்தில் மகளின் பற்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. எந்தப் பல், எந்தத் தேதியில், எங்கே விழுந்தது என்று. கீழ் முன்பல் பள்ளிப் பேருந்தில். அதன் பக்கத்துப் பல் அமீர்பேட் மெட்ரோ நெரிசலில். அவளுக்கு ஆறரை வயது. இரண்டே பற்கள்தான் விழுந்திருந்தன.

அதனால்தான், ஒரு காலை அவளுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்த மனைவி, கீழ்க் கடைவாயில் கறுப்பாக ஒரு கோடு தெரிவதாகக் கூப்பிட்டபோது நான் பதறவில்லை.

"பால் பல்தானே, எப்படியும் விழப்போகுது. டைரியில பாரேன், ரெண்டுதான் விழுந்திருக்கு."

"பல்லு டைரியிலயா முளைக்குது? முதல்ல வாயைப் பாருங்க."

மாலையே மல்காஜ்கிரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மாள் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பல் எப்போது வந்தது என்று தெலுங்கில் கேட்டார். டைரியைப் புரட்டினேன். இல்லை. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடும். ஆயுசுக்கும் இதுதான் என்றார். ஜீடிமெட்லா மருந்து ஆலையில் தரப் பரிசோதனை பார்ப்பவன் நான். வந்ததை விட்டுவிட்டுப் போனதை மட்டும் எழுதிய ரிஜிஸ்டரை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கோடு சொத்தையா, வெறும் கறையா? சுத்தம் செய்து, உலர்த்தி, விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கறைதான். ஆனால் பள்ளம் ஆழம். உணவு தங்கிச் சொத்தையாகும் முன் சீலன்ட் என்ற பூச்சை ஊற்றி மூடிவிடலாம், அது இறுகும்வரை எச்சில் படக் கூடாது என்றார்.

பஞ்சு வைத்து, ஜெல் தடவிக் கழுவினார். காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே மகள், "கட்டா ஹை, அப்பா!" என்று பள்ளியில் பழகிய இந்தியில் கத்தி, புளிப்பில் நாக்கைச் சுழற்றினாள். பல் நனைந்தது. மறுபடி முதலிலிருந்து.

"நக்கோ!" வேண்டாமென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என் விரலைப் பாரு. பத்தும் மடங்கினதும் முடிஞ்சுடும்."

"சீட்டிங் நக்கோ."

மருத்துவர் பல்லை உலர்த்திப் பூச்சை ஊற்றி, அதை இறுக்கும் நீல விளக்கைப் பிடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். ஒன்பதாவதில் மருத்துவர், இன்னும் கொஞ்சம் என்று கண்ணைக் காட்டினார். பத்தாவது விரலைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் கண் விரலை விட்டு நகரவில்லை, நாக்கும் நகரவில்லை. நீல விளக்கு அணைந்தது. மருத்துவர் பூச்சைக் கருவியால் நெம்பிப் பார்த்தார். பிடித்திருந்தது.

பஞ்சை எடுத்ததும் மகள் சொன்ன முதல் வார்த்தை, "சீட்டிங்!"

இன்னொரு பக்கத்துக் கீழ்ப் பல்லுக்கும் அன்றே போட்டாயிற்று. மேலே இரண்டும் இன்னும் ஈறுக்குள் இருந்தன.

டைரியில் 'விழுந்தவை'க்குப் பக்கத்தில் 'வந்தவை' என்று ஒரு கட்டம் போட்டேன். கீழ்ப் பற்கள் இரண்டுக்கும் 'தேதி தெரியாது' என்றே எழுத வேண்டியிருந்தது. மேல் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் பல் துலக்கியதும் மகள் என் முன் வந்து வாயைத் திறந்து நிற்கிறாள். நேற்று, மேல் இடப்பக்க ஈறில் ஒரு வெள்ளை முனை தெரிந்தது.

"லிக்கோ, அப்பா," என்றாள். நான் எழுதி முடிக்கும்வரை வாயை மூடவில்லை.