பனியன் துணியில ஒரு ஸ்கிரீன்

ஜன்னலுக்கு ஸ்கிரீன் போடற தொழில்ல, யாரு எதை மறைக்கப் பார்க்கறாங்கன்னு முதல் நாளே தெரிஞ்சுபோகும். திருப்பூர்ல பன்னெண்டு வருசமா இஞ்ச் டேப்போட ஊடு ஊடா ஏறி இறங்கறவ நான். ஸ்கிரீன் கலர் பாக்கப் போயி, புருஷன் பொண்டாட்டி பேச்சே நின்னுபோனவங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

சொந்தத் துணி

பனியன் கம்பெனி வெச்சிருக்கற பழனிச்சாமி அண்ணன் ஒரே ஒரு ரூமுக்குத்தான் கூப்பிட்டாரு. அவரு சம்சாரம் ராஜாமணியக்கா படுத்திருக்கற ரூம். கேன்சர். முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இனி மருந்து கேக்காதுன்னு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரோட்டுல போறவங்க அக்காவை அந்தக் கோலத்துல பாத்துரக் கூடாது, ஜன்னல் முழுசா மூடணும்னாரு அண்ணன். அக்காகிட்ட யாரும் கேக்கல, நானுந்தான்.

நான் கொண்டுபோன சாம்பிளை அவரு தொடக்கூட இல்ல. கம்பெனியில மிச்சமான கறுப்பு பனியன் துணி ஒரு ரோலைத் தூக்கியாந்து போட்டாரு. இது இழுவைத் துணிங்கண்ணா, தொங்கவிட்டா தன் கனத்துக்கே இறங்கிரும், வளையத்துக்கு நடுவுல தொய்யும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இந்த ஊரு முதலாளிங்க எல்லாத்துக்கும் இருக்கற வியாதிதான் அவருக்கும். சொன்னாரு: "முப்பது வருசமா இதுலயே கெடக்கறேன் அம்மிணி, என்ற துணி எனக்குத் தெரியாதுங்களா?"

ஒரு சாண்

மூணு வாரத்துல மறுபடி கூப்பிட்டாரு. மேல தொய்ஞ்சு, கீழ தரையில குவிஞ்சு கெடந்துச்சு. வளையத்தைக் கூட்டிச் சரி பண்ணலாம்னு ஸ்டூல்ல ஏறினேன். அண்ணன் போன் பேச வெளியே போனாரு. அக்கா மெல்லக் கூப்பிட்டாங்க.

"மேல மூடீராத கண்ணு. அந்தச் சந்துலதான் வேப்பமரம் தெரியுது."

திரும்பிப் பாத்தேன். தொய்ஞ்ச இடத்துல ஒரு சாண் வெளிச்சம், அதுல எதிர்வீட்டு வேம்போட உச்சி. அவரு மனசு நோகும், அவருகிட்டச் சொல்லாதேன்னாங்க. கீழ குவிஞ்சதை மட்டும் மடிச்சுத் தைச்சுட்டு, மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணான்னு பொய் சொல்லிட்டேன். அவரு துணியைப் பாத்துத் தலையில கை வெச்சுக்கிட்டாரு: "என்ற துணியே என்ற மானத்த வாங்கிப்போட்டுதே அம்மிணி."

கழட்டின அன்னிக்கு

அக்கா காரியம் முடிஞ்சதும், ஸ்கிரீனைக் கழட்டணும்னு கூப்பிட்டாரு. கழட்டினேன். மரம் முழுசாத் தெரிஞ்சுது. அண்ணன் அக்கா படுத்திருந்த பக்கமே கட்டில்ல உக்காந்திருந்தாரு. அதுக்கு மேல எனக்குத் தாங்கல. அந்த ஒரு சாண் விசயத்தைச் சொல்லிப்போட்டேன். இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதும்தான்.

கழட்டின துணியை இழுத்து மடியில போட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கட்டிலையே ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருப்பனே அம்மிணி."

இப்பெல்லாம் டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடி, அந்த ரூம்ல படுக்கறவங்ககிட்ட ஜன்னலை மூடலாமான்னு கேட்டுக்கறேன், அதனாலயே பாதி ஊட்டுல ஸ்கிரீனே வேண்டாம்னு திருப்பி அனுப்பீர்றாங்க.