கோவளத்து மணலுக்கு ஒரு லாரி

வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னால் ஷெட்டுக்குக் கூரை போட்டவன் நான். முடிச்சூரில் எங்கள் மனையைச் சுற்றி அப்போது வயல்தான். மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்களே தவிர, வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நாலைந்துதான் இருந்தன. எங்கள் வீட்டில் சுவர் பாதி எழும்பி, ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஓடு வேய்ந்திருந்தது. அதை ஒட்டிச் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றுமாக ஷெட் மட்டும் முழுசாக நின்றது. தாம்பரத்திலிருந்து மாட்டுவண்டியில் சாமான்களோடு வந்து இறங்கிய அன்று என் மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“லாரிக்கு வீடு கட்டிட்டீங்க. எங்களுக்கு எப்போ?”

நான் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்குப் பேச்சு சீக்கிரம் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தவன். தலை நரைக்கத் தொடங்கும் வரை அங்கேதான் இருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பட்டறையை விட்டு நான் வந்ததற்குக் காரணம் கோவளத்து மீன்கார அக்கா. அவர்கள் கரையில் மீனை ஏலம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களாக இருக்கலாம். கடலோரத்தில் படகு ஒதுங்கும் இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே பெரிய மணல்வெளி. மீன் கூடைகளைப் பெண்கள் தலையில் சுமந்து அந்த மணலைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். ஐஸ் போட்டு ஏற்றிப்போகும் லாரிக்காரன் காத்திருக்க மாட்டான். ‘மீன் பதம் கெட்டுப் போச்சு’ என்று விலையைக் குறைப்பான். மணலிலேயே இறங்கிப் படகுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி ஒரு வண்டி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் அக்கா எங்கள் பட்டறைக்கு வந்தார்கள்.

முதலாளி சிரித்தார். “கடல்ல ஓட்டணும்னா கப்பல் வாங்கும்மா” என்றார்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார்கள். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் போனேன். “நான் செஞ்சு தரேன்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“நீ யாரு?”

“இங்கதான் வேலை பாக்கறேன்.”

“உம் மொதலாளி சிரிக்கறாரு, நீ செஞ்சு தரேன்ற. இன்னா மேஸ்திரி, வெளையாடறியா?”

“இல்லக்கா.”

இன்னொரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, சாமான் வாங்க முன்பணம் தருவதாகச் சொன்னார்கள்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “போ, போய்ப் பாரு. மழை விடறதுக்குள்ள திரும்பி வருவே. அப்போ உன் எடத்துல வேற ஆளு இருப்பான். வந்து கேளு, பாக்கலாம், போ” என்றார். திரும்பி வந்து அந்த வாசலில் நின்று வேலை கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என் மனைவிக்கும் இதெல்லாம் தெரியும். அவளுடைய அக்கா தங்கைகள் எல்லோரும் தாம்பரத்தில் ஒரே வரிசை வீடுகளில் இருந்தார்கள். அந்த வரிசையை விட்டு வயல் நடுவே வந்து இருக்கச் சம்மதித்தவள், ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “இந்த ஒரு வண்டி ஓடட்டும். ஓடலேன்னா திரும்பிப் போயிடலாம், என்ன?”

வண்டி என்று சொன்னேனே தவிர, முதலில் அது வண்டியாக இல்லை. பழைய பட்டாளத்து வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தை, சேஸை, புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் கண்டுபிடித்தேன். முன்சக்கரம் பின்சக்கரம் நான்கும் இழுக்கிற வகை. என்ஜின் வேறு வண்டியிலிருந்து வந்தது. கியர்ப் பெட்டி ஒன்றைப் பிரித்து இன்னொன்றின் பல்லைப் போட்டேன். ஸ்டியரிங் சக்கரம் யாருடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஷெட்டில் நான் செய்த முதல் வேலை குழி வெட்டியது. தாம்பரத்துப் பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஆளுயரக் குழி உண்டு. அது இல்லாமல் பட்டறையா? ஆள் வைத்து வெட்டி, ஓரத்தைச் செங்கல்லால் கட்டி, படியும் வைத்தேன். தாம்பரத்து மண் பாறையும் சரளையும். முடிச்சூர் மண் ஏரிக்குக் கீழ்ப்பட்டது. இந்த வித்தியாசம் விவசாயம் செய்கிற எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. முதல் மழை பெய்த மறுநாள் காலையில் ஷெட்டுக்குள் போனால், குழியின் மேல்படியில் தண்ணீர் தெளிவாக நின்றுகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இல்லை, ஊற்று.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஒரு சொம்பு மொண்டு வாயில் விட்டுப் பார்த்தாள்.

“நல்ல தண்ணிங்க!” என்றாள். “தெருக் கோடி வரைக்கும் போய்ச் சுமந்துட்டு வரேன். நீங்க சொல்லாம கொள்ளாம கிணறே வெட்டி வெச்சிருக்கீங்களே!”

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டுக்கு நடுவே கிணறு. துணி துவைக்கிற கல்லையும் அங்கேயே கொண்டுவந்து போட்டுவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். குழியை நான் வெட்டியது எதற்கு என்று அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சேஸை ஓரத்துக்குத் தள்ளி, சமையலறைச் சுவருக்கென்று அடுக்கியிருந்த செங்கல்லை எடுத்து இரண்டு மேடை கட்டி, அதன் மேல் ஏற்றி நிறுத்தினேன். சமையலறைக்கு ஓலைத் தட்டிதான் சுவர். அதற்கு அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உதவிக்கு எனக்கு ஆள் கிடையாது. இரண்டு கை போதாத வேலைக்கு அவளைத்தான் கூப்பிட்டேன். பிரேக் எண்ணெய் போகும் குழாயில் காற்று தங்கிவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். சீட் இன்னும் போடவில்லை. ஒரு மண்ணெண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

“மிதி” என்பேன். மிதிப்பாள். “விடு” என்பேன். விடுவாள்.

“இன்னும் எத்தனை வாட்டி?”

“மிதி.”

“சோறு கொழையுதுங்க.”

“விடு.”

“கல்யாணமான நாள்லேருந்து நீங்க எங்கிட்ட இவ்ளோ பேசினதே இல்ல” என்று சொல்லி அவள் சிரித்ததில் பெடல் முழுக்க அமுங்கி, எண்ணெய் என் முகத்தில் பீய்ச்சியது. கண்ணைத் துடைத்துவிட அவள் டப்பாவிலிருந்து குதித்து வந்தாள். அன்று சோறு குழைந்துதான் போயிற்று. அப்படியே சாப்பிட்டோம்.

மீன் தண்ணீர் வடிவதற்காகப் பின்தட்டில் பலகைகளை இடைவெளி விட்டு அடித்தேன். உப்புக் காற்று தின்றுவிடக் கூடாதென்று அடிப்பாகம் முழுக்கத் தார் பூசினேன். நான்கு சக்கரத்துக்கும் ஆழமாக வெட்டு விழுந்த புது டயர் போட்டேன். காற்றைக் கல் மாதிரி அடித்தேன். பாரம் ஏற்றுகிற வண்டிக்குக் காற்று குறையக் கூடாது என்பது நான் பட்டறையில் கற்ற முதல் பாடம். அறுவடை முடிந்து காய்ந்திருந்த வயலில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். வரப்புகளை ஆட்டுக்குட்டி மாதிரி ஏறித் தாண்டியது.

கோவளத்துக்கு விடியும்போதே கிளம்பினேன். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், உப்பளங்களைத் தாண்டிக் கரையை அடைந்தபோது படகுகள் வந்துகொண்டிருந்தன. அக்கா குளித்து மஞ்சள் புடவை கட்டி, அவர்களுடைய கொழுந்தனோடு காத்திருந்தார்கள். லாரி ஓட்டிப் பழகியவர் அவர், இந்த வண்டியை அவர்தான் ஓட்டப்போகிறார். அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, “வழி வுடுங்கடி!” என்றார்கள்.

வண்டி மணலில் இறங்கியது. கொஞ்ச தூரம் போனது. பிறகு முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. நான் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த, அந்த ஆழமான வெட்டு டயர்கள் மண்வெட்டி மாதிரி மணலை அள்ளிப் பின்னால் எறிந்தன. ஆக்ஸில் வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது.

“மேஸ்திரி, நண்டு புடிக்கறியா?” என்றான் ஒருவன். கரையே சிரித்தது. “யக்கா, எறங்கி வா, உன்னையும் சேத்துப் பொதைச்சுடப் போறாரு!”

அக்கா சிரிக்கவில்லை. “இன்னா மேஸ்திரி, ஊர் முன்னாடி இப்டிக் கவுத்துட்டியே” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போய் நின்றுகொண்டார்கள். எனக்குக் கண் முன்னால் பட்டறை வாசல்தான் வந்தது.

சிரித்தவர்களே கயிறு கொண்டுவந்தார்கள். படகு இழுக்கிற கயிறு. ஒருவன் முன்சக்கரத்தடியில் மண்வெட்டி போட்டுத் தோண்டும்போது, வெட்டு தவறி வால்வில் பட்டது. புஸ்ஸென்று காற்று போனது. மறுபடியும் சிரிப்பு. அந்தச் சக்கரம் பிதுங்கி உட்கார்ந்தது. பலர் சேர்ந்து கூவி இழுத்ததில் வண்டி பள்ளத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே வந்தது. நான் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் சக்கரங்களைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மூன்று சக்கரம் வந்த வழியில் வாய்க்கால் வெட்டியிருந்தது. காற்றுப் போன சக்கரம் வந்த வழியில் மணல் அகலமாக, மேலாக அமுங்கியிருந்தது. பாய் விரித்த மாதிரி. அது மட்டும் புதையவில்லை.

குந்தி உட்கார்ந்து அந்தத் தடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்த டயர் மணலைக் குத்துகிறது. தொய்ந்த டயர் மணல் மேல் படுத்துக்கொள்கிறது. வால்வு ஊசியை மாற்றி, அந்தச் சக்கரத்தில் டயர் இரும்பு வட்டைவிட்டுக் கழலாத அளவுக்குக் கைப்பம்பால் கொஞ்சம் அடித்தேன். பிறகு மற்ற மூன்றிலும் காற்றைத் திறந்துவிட்டேன்.

“யோவ்! இருக்கற காத்தையும் புடுங்கறியே, பைத்தியமா உனக்கு?” என்று அக்கா ஓடிவந்தார்கள்.

“ஏறுங்கக்கா” என்றேன்.

“நான் ஏற மாட்டேன். ஒரு தபா ஏறுனது போதும்.”

தனியாகத்தான் ஓட்டினேன். சின்ன கியரில், நான்கு சக்கரமும் இழுக்க, அவசரப்படாமல். டயர்கள் பிதுங்கிப் பிதுங்கி உருண்டன. வண்டி படகுகளை நோக்கி, நடக்கத் தொடங்கிய குழந்தை மாதிரி ஆடி ஆடிப் போயிற்று. போய் நின்றது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. கூடைகளை ஏற்றினார்கள். பாரத்தோடு திரும்பி மேட்டில் ஏறி ரோட்டோரம் நின்றபோது, ஐஸ் லாரிக்காரன் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

அக்கா டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார்கள். “இப்டித் தொய்ஞ்சுகினு கெடந்தா ரோட்ல எப்டி ஓட்றது? தெனமும் எவன் காத்தடிப்பான்?”

நியாயமான கேள்வி. நல்லவேளையாக என் பெட்டியில், என்ஜினில் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் திருகிப் போடுகிற பம்பு ஒன்று இருந்தது. வழியில் டயர் பஞ்சரானால் உதவுமென்று கொண்டுவந்தது. அதைப் போட்டு என்ஜினை ஓடவிட்டேன். ஒரு பிளக் குறைந்த என்ஜின் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டே காற்றை அடித்தது. மீனை எடை போட்டு ஐஸ் தூவி முடிப்பதற்குள் நான்கு சக்கரமும் நிமிர்ந்துவிட்டன. கொழுந்தன் பக்கத்தில் நின்று பார்த்து, அன்றே அடுத்த நடைக்குத் தானே செய்தார். மீனுக்கு அன்று லாரிக்காரன் குறை சொல்லவில்லை.

அக்கா கையை நீட்டினார்கள். “சாவி எங்க?” என்று கேட்டார்கள். கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்கள். “பம்பும் இங்கயே கெடக்கட்டும். நீ பஸ்ல போ” என்று, இரண்டு வவ்வால் மீனை ஓலையில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் மீன் வாடைக்காகக் கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்குத் துரத்தினார். தாம்பரத்தில் இறங்கி, மீனோடு முடிச்சூருக்கு நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி வரப்பில் வந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்து வருவதைக் கண்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“வண்டி எங்க?” என்றாள், கிட்ட வரும்போதே. “மணல்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“ஆமா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பரவாயில்லங்க. நாளைக்கு நானே தாம்பரத்துக்குப் போய் எங்க அக்காகிட்ட வீடு காலியா இருக்கான்னு கேக்கறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்.”

அவள் என்ன நினைத்துவிட்டாளென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீனை அவள் கையில் வைத்தேன்.

“அது அவங்க வண்டி” என்றேன். “அதான் அங்க இருக்கு.”

அவள் ஓலையைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.