ஆனித் தேரன்று ஒரு பம்பு அச்சு

2009, ஆனி மாதம். ஞாயிறு காலை புதுச்சேரியில் மகளை என் பாய்மரப் படகில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை அவள் படிப்புக்காக வெளிநாடு போகிறாள். நான் சொல்வது எதுவும் நடக்காது என்பது, என்னைப் பிரிந்து வாழும் அவள் அம்மாவின் நெடுநாள் கொள்கை.

நாகப்பட்டினத்திலிருந்து படகைத் தனியாக ஓட்டி வந்தேன். வெள்ளி மதியம் கடலூருக்கு நேரே காற்று செத்துவிட்டது. எஞ்சினைப் போட்டேன், புகைந்தது. "எஞ்சின் புதுசு மாதிரி" என்று சொல்லிப் படகை விற்ற நண்பனை இன்னும் மன்னிக்கவில்லை. மீன்பிடிப் படகொன்று என்னை முதுநகர் துறைமுகத்துக்கு இழுத்து வந்தது. ஞாயிறு காலைக்குள் வந்துவிடுவேன் என்று மகளுக்குப் போனில் சொன்னேன்.

மெக்கானிக் செல்வம் பிரித்துப் பார்த்தார். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் அச்சு முறிந்திருந்தது.

"இவ்ளோ பொடி வேல இங்க எவனும் செய்ய மாட்டான் சார். சிதம்பரத்துல எம் மச்சான் லேத்து வெச்சிருக்கான். காலைல போங்க, ஒடனே கடைஞ்சி குடுப்பான்."

சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் பேருந்து, ஒன்றரை மணி நேரம். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அன்று தேர். செல்வம் அதைச் சொல்லவில்லை. லேத்துக்காரர் குமார் கீழவீதியில் வடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு தரிசனம் சார். ரெண்டு நாளும் கடை கெடையாது."

"நாளைக் காலையில் என் மகள் காத்திருப்பாள்."

அவர் யோசித்தார். "தேரு நெலைக்கு வந்துட்டா தொறக்குறேன். அதுவரைக்கும் எங்கள மொறைச்சிக்கினு நிக்காதீங்க, நீங்களும் புடிங்க. ஆளு ஜாஸ்தியானா சீக்கிரம் போவும்."

கோயில் பக்கம் போகாதவன் நான். நான்கு வீதியும் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. தேர் நிலைக்கு வந்ததும் குமார் குளித்துவிட்டு வந்து, சொன்னபடி கடைந்து கொடுத்தார்.

ஞாயிறு விடிந்ததும் செல்வம் அச்சைப் பொருத்தினார். எஞ்சின் ஓடியது. ஆனால் முகத்துவாரத்தில் நீர் வற்றியிருந்தது. என் படகின் அடிப்பகுதி ஆழமானது; மாலைவரை வெளியேற வழியில்லை. மகளுக்குப் போன் செய்தேன்.

"தெரியும்ப்பா. நான் கடலூர் பஸ்லதான் இருக்கேன்."

துறைமுகத்துக்குள்ளேயே உப்பங்கழியில் மேலும் கீழுமாக ஓட்டிக் காட்டினேன். பாய் விரிக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்து, "தேர் இழுத்தியா, நீயா?" என்று சிரித்தாள். பிறகு சுக்கானை வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கரையோரம் படகில் வருகிறவர்கள் பம்பு அச்சு ஒன்று உபரியாக வைத்திருங்கள். கடலூர் முகத்துவாரத்தை நீர் ஏறியிருக்கும்போது மட்டும் கடந்து செல்லுங்கள். ஆனியில் சிதம்பரத்தில் வேலை இருந்தால் காலண்டரைப் பாருங்கள்.

மாலை அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். புதுச்சேரிக்குத் தரைவழியாக ஒரு மணி நேரம்கூட ஆகாது. அது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.