மழை மேல் போட்ட பழி

பேரிடர் வந்தால் உதவட்டும் என்று ஒரு ஹாம் ரேடியோவையும் பேட்டரியையும் பெட்டி ஒன்றில் பொருத்தி வைத்திருந்தேன். செல்போன் டவர் செத்தாலும் இது பேசும் என்று தென்காசியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன்.

அன்று பேய்மழை. வெள்ளம் வந்தால் உதவலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். போன சிறிது நேரத்தில் சாலை அரித்துப்போனது, செல்போன்களும் அடங்கிவிட்டன. நான் ஒதுங்கியிருந்த சிப்ஸ் கடையில், கடைக்காரம்மாவின் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

பெட்டியைத் திறந்தேன். தென்காசியிலிருந்து இன்னொரு ஹாம் ரேடியோ நண்பர் என்னை அழைப்பது தெளிவாகக் கேட்டது. பதில் சொல்லப் பொத்தானை அழுத்தியதும் ரேடியோ அணைந்தது. விட்டால் உயிர் வந்தது, அழுத்தினால் போனது. மிச்சமிருந்த சார்ஜ் கேட்கப் போதும், பேசப் போதாது. முந்தைய நாள் முழுக்க வெளிநாட்டு நண்பர்களிடம் இந்தப் பெட்டியின் அருமையைப் பேசியே பேட்டரியைத் தீர்த்திருந்தேன். திரும்பச் சார்ஜ் போடவில்லை.

"அண்ணாச்சி, அவரு கூப்பிடுதாருல்லா. ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்க" என்றார் அந்தம்மா.

"மழையில சிக்னல் போக மாட்டேங்கும்மா" என்றேன்.

நாலு பேர் அவரைப் பெஞ்சில் கிடத்தித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் போயிருந்தேன். அந்தம்மா சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "அண்ணாச்சி எவ்வளவோ பாத்தாவ. மழைதான் கெடுத்துட்டு" என்றார். நான் தலையாட்டினேன்.

இப்போது பேட்டரியைத் தினமும் சார்ஜ் போடுகிறேன். அந்தக் கடைப்பக்கம் போனால்தான் உண்மையைச் சொல்ல வாய் வருவதில்லை.