வீட்டுக்காரி வராத படம்

அந்தப் படம் ஆங்கிலத்தில் ஓடும் என்றுதான் நம்பியிருந்தேன். என் திட்டம் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் காதுக்குள் தமிழில் கதையைச் சொல்லிக்கொண்டே போகலாம். திரையில் என்ன நடந்தாலும் என் வாயில் வேறொன்று நடக்கும். நான்கு புத்தகங்களை அப்படித்தான் சமாளித்திருந்தேன். ஒரு படம் எம்மாத்திரம்?

மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் அடியில், சிவப்பு எழுத்தில், ‘தமிழில்’ என்று போட்டிருந்தது. என் கால்கள் இரண்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

“என்னப்பா, வயித்துக்குள்ள குத்துதா?” என்றாள் மகள்.

“இல்ல மகள். படம் தமிழிலயாம்.”

“அது நல்லந்தானே. உங்களுக்கும் விளங்கும்.”

ஒன்பது வயதுப் பிள்ளை.

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கூரைக்கு ஓடு போட என்று போனவள். ஓடு போட்டாயிற்று, பிறகு மதில் வந்தது, பிறகு கிணற்றுக்கட்டு வந்தது, இரண்டு வருடம் நான்கு வருடமானது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் கழித்த புத்தகங்களை எறியவிடாமல் வாங்கி, சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில் வைத்துப் பார்சலில் அனுப்புவாள். ‘அப்பா வாசிச்சுச் சொல்லுவார்’ என்று மகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். நான் எங்கள் ஊரான கிரானில் ஒரு நெல் களஞ்சியத்தில் வேலை பார்ப்பவன். என் ஆங்கிலம் உரப்பையில் எழுதியிருப்பதை வாசிக்கப் போதும். அதிலும் எச்சரிக்கைப் பகுதி விளங்காது.

முதலாம் புத்தகத்தை நேர்மையாகத்தான் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், மடியில் அகராதியோடு. ஒரு பெரிய ஏரி. இந்தக் கரையில் ஒரு வீடு, அதில் அண்ணனும் தங்கையும். அந்தக் கரையில் பனிமூட்டத்தின் ராணி. பிள்ளைகளின் தாய் தையல்காரி. ராணிக்கு மேலங்கி தைக்க என்று போனவள் வரவில்லை. தோணியளவு பெரிய, பேசத் தெரிந்த ஒரு நீர்நாய் பிள்ளைகளைத் தன் முதுகில் ஏற்றிப்போய்த் தாயைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்து என்ன? தாய் தைப்பதை நிறுத்தினால் மூட்டம் ஏரியைத் தாண்டி வந்து பிள்ளைகளின் வீட்டை மூடிவிடுமாம். ஆகவே அவள் அங்கேயே இருந்துவிடுகிறாள். பிள்ளைகள் மட்டும் திரும்பி வருகிறார்கள். முடிந்தது.

அதுவரைக்கும் அகராதியில் விழுந்து எழும்பி வந்தவன், கடைசிப் பந்தியில்தான் அதைக் கண்டேன். மகள் சோற்றுக் கையோடு இருந்தாள். பருக்கை காய்ந்துகொண்டிருந்தது.

“மறுகா என்ன நடந்தது?” என்றாள்.

பக்கத்தைப் புரட்டினேன். அது வெறும் பக்கம். அந்த வெறும் பக்கத்தைப் பார்த்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன்: விடிந்ததும் நீர்நாய் திரும்பிப் போய், அம்மாவையும் தையல் மெசினையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்தது.

வாழ்க்கையில் நான் அவ்வளவு சரளமாக ஆங்கிலம் வாசித்ததில்லை.

அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாடு. அடுத்த மூன்று புத்தகங்களிலும் அந்தப் பிள்ளைகள் தாயைத் தேடித்தான் திரிகிறார்கள். என் கதையிலோ தாய் குசினியில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்துப் படத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டு மலை ஏறுவார்கள். “விறகுக்குப் போறாங்க” என்பேன். “ஏன் அழுறாங்க?” என்பாள். “மலையில வெங்காயம் வெளஞ்சிருக்கு” என்பேன்.

இன்னொன்றையும் திருத்தியிருந்தேன். புத்தகத்தில் அந்த வீடு தகப்பனின் தமையனுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்த ஆண், உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். எனவே கதையிலும் வீட்டை அம்மாவின் பெயருக்கு எழுதிவிட்டேன்.

அந்த முதலாம் புத்தகம்தான் இப்போது படமாக வந்திருந்தது. தியேட்டருக்குள் இருட்டாக்கினார்கள். நான் வெளியேறும் கதவைப் பார்த்து வைத்தேன். மயங்கி விழலாமா என்று யோசித்தேன்; விழுவதற்கு ஆசனங்களுக்கு நடுவில் இடம் போதாது. மின்சாரம் போகவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். கிரானில் ஒரு தூறலுக்கே போகிற மின்சாரம், அன்றைக்கு அசையவில்லை.

நீர்நாய் வாயைத் திறந்தது. நான் வாசிக்கும்போது அது எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசும், தயிர் கேட்டு அடம்பிடிக்கும். திரையில் அது சென்னைக்காரன் மாதிரிப் பேசியது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரையையே பார்த்தேன்.

பிறகு பெரியப்பன் வந்தார். வாசலில் நின்று, “இது என் வீடு. என் சொல்படிதான் இருக்கவேண்டும்” என்றார்.

“வீடு அம்மாட எல்லோ?” மகளின் குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது. “இவர் ஆர் வந்து சொல்ல?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்களுக்குப் பின்னால், ஏறாவூரிலிருந்து தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தா. டிக்கட் வரிசையில் எங்களோடு கதைத்தவ. முன்னுக்குச் சாய்ந்து, “சரியாத்தான் கேக்கிறா புள்ள. எங்கடயிலயும் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான்” என்றா. பிறகு என்னிடம், “வாப்பாக்கு ஏன் இப்பிடி வேர்க்குது? ஏசி போட்டுத்தானே இருக்கு” என்றா.

“எனக்கு நீர்நாயெண்டாப் பயம்” என்றேன்.

அது ஒன்றுதான் அன்றைக்கு என் வாயில் வந்த பகிடி. அதற்குப் பிறகு வரவில்லை. ஏரியின் நடுவில் மூட்டம் இறங்க இறங்க, எனக்கு வரப்போகிற ஒவ்வொரு காட்சியும் தெரிந்திருந்தது. அகராதி பார்த்துப் படித்த பாடமல்லவா? கையை நீட்டி மகளின் கண்ணை மூடலாம், காதை எப்படி மூடுவது? வெளியே போய் ஐஸ்கிறீம் தின்போமா என்று கேட்டேன். “முடியட்டும் அப்பா” என்றாள்.

தாயைக் கண்டுபிடித்தார்கள். அவள் மெசினில் இருந்து தலையை நிமிர்த்தினாள். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு மூட்டத்தைக் காட்டி விசயத்தைச் சொன்னாள். நீர்நாய் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. கரையில் தாய் சின்னதாகிக்கொண்டே போனாள். மெசின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. பெயர்கள் ஓடத் தொடங்கின.

மகள் எழும்பவில்லை. வெளிச்சம் போட்டார்கள், சனம் போய்விட்டது, கூட்டுகிறவர் தும்புத்தடியோடு வந்துவிட்டார். அவள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் புரட்டின வெறும் பக்கம் மாதிரியே அதுவும் கிடந்தது. ஆனால் அதைப் பார்த்து வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“பிழையா எடுத்திருக்கானுகள்” என்றாள் கடைசியில்.

“ஓம் மகள்.”

“வீட்டுக்காரி வராம இருப்பாவா?”

நான் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைத் தேடுவது போல ஆசனத்துக்கு அடியில் குனிந்தேன். போத்தல் என் கையில்தான் இருந்தது.

பஸ் நிலையத்தில் மனைவி அழைத்தாள். அது வெள்ளிக்கிழமை, அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர் பின்னேரம் உறங்கும் நேரத்தில் கதைப்பாள். மகள் என்னிடமிருந்து போனைப் பறித்தாள்.

“அம்மா, படம் சரியில்ல. வீட்டையும் பெரியப்பனுக்குக் குடுத்திட்டானுகள். கடைசியில அம்மாவ அங்கயே விட்டுட்டு வாறாங்க. அப்பா வாசிச்ச புத்தகத்தில நீர்நாய் போய்க் கூட்டிட்டு வந்தது. மெசினோட.”

நானும் காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அந்தப் புத்தகத்தின் உண்மையான முடிவு மனைவிக்குத் தெரியும். வேலை செய்யும் வீட்டுச் சின்னப்பிள்ளை அவளுக்கு அதைப் பக்கம் பக்கமாகக் காட்டிச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டு அழுததாக, நான் வாசித்து முடித்த பிறகு, என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் இங்கே மாற்றி வாசித்தது மட்டும் அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. நடுத்தெருவில் சட்டை கழன்றவன் மாதிரி நின்றேன்.

“ஓம் மகள்,” என்றாள் மனைவி. “அப்பா வாசிச்சதுதான் சரி. படத்திலதான் பிழை.”

மகள் போனை என்னிடம் தந்தாள். மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருக்கும்.

“இஞ்சருங்க,” என்றாள், மெதுவாக. “அஞ்சாம் புத்தகம் கிடைச்சிருக்கு. பார்சல்ல போட்டுவிட்டன்.”

வருசப்பிறப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தவள் அவள். கையோடு கொண்டுவரக் கூடியதைப் பார்சலில் போட்டால் என்ன அர்த்தமென்று உரப்பை வாசிக்கிறவனுக்கும் விளங்கும்.

“எவ்வளவு காலம்?” என்றேன்.

“இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டன். புள்ளைக்கு நீங்க சொல்லுங்க. எனக்கு ஏலாது.”

எனக்கு மட்டும் ஏலுமா? பஸ் வந்ததென்று சொல்லிப் போனை வைத்தேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். பாலத்தில் ஏறியதும் வாவி தெரிந்தது. கூத்தும் கோமாளியுமாக எதையாவது சொல்லி, நடுவில் அந்த விசயத்தையும் செருகிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அஞ்சாம் புத்தகம் வருதா?” என்றாள் அவளே. போன் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“ஓம் மகள்.”

“அம்மா வரல்லையா?”

“இந்த முறை வரல்ல.”

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அப்பிடியெண்டா அதை வாசிக்கக்குள்ள நீங்க கடைசி வரைக்கும் இழுக்காம, முதலாம் பக்கத்திலயே அம்மாவக் கூட்டி வந்திருங்க.”