வயிற்று வார்

எனக்குக் குதிரை என்றால் பயம். மாடு முட்ட வந்தால் கொம்பைப் பிடித்துக்கொள்வேன், பாம்பை அடித்திருக்கிறேன். குதிரை மட்டும் ஆகாது.

கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் எங்கள் அம்மாவோடு சேர்ந்து வரப்பில் அருகம்புல் அறுத்து, கட்டு கட்டி, ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர்களுக்கு விற்பேன். மற்றப் பெண்கள் குதிரையின் வாய்க்கே புல்லைக் கொடுப்பார்கள். நான் எட்ட நின்று வீசுவேன். அதற்காக எல்லோரும் சிரிப்பார்கள்.

பத்து வயதில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். முரட்டுக் குதிரைகளை அடக்குகிறவர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு குதிரையின் நாலு காலிலும் கயிறு போட்டு இழுத்துச் சாய்த்தார். மேல் உதட்டில் கயிற்றைச் சுற்றிக் குச்சி வைத்து முறுக்கினார். அது கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கண் மட்டும் வெள்ளையாகச் சுழன்றது. இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் கட்டிப்போட்டு, மூன்றாம் நாள் வண்டியில் பூட்டினார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. அடங்கிவிட்டது என்றார்கள். சாயங்காலம் அதற்கு நான் புல் வீசினேன். அது குனிந்துகூடப் பார்க்கவில்லை. குதிரையைக் கண்டு நான் பயந்தது ஒரு பக்கம், அந்த மனிதரைக் கண்டு பயந்தது ஒரு பக்கம். இரண்டும் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இப்படிப்பட்ட என்னைத் திண்டிவனத்தில் ஒரு ஜட்காக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு முக்கி முக்கிப் போகும். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிற ஜனமெல்லாம் ஜட்காவைத்தான் தேடும். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய குதிரை செத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேறொன்று பிடித்து வந்தார். செவலை நிறம், இளசு.

ஜட்காக்காரர்கள் வார் கட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. சேணத்தை முதுகில் வைத்து, வாரை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து இழுக்கும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்படியே கட்டினால், பாதி வழியில் மூச்சு விட்டதும் வார் தளர்ந்து சேணம் சரியும். அதனால் முட்டியால் வயிற்றில் ஓர் இடி இடிப்பார்கள். குதிரை ஹக்கென்று மூச்சை விடும். அந்தக் கணத்தில் இழுத்து மாட்டிவிடுவார்கள். அப்பன் செய்ததைப் பிள்ளை செய்வான். தப்பென்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. என் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. கொள்ளு சரியாக வேகவில்லை என்றால் என்னைத்தான் திட்டுவார், குதிரையை அல்ல.

புதுக்குதிரை பத்து நாள் இடி வாங்கியது. பதினோராம் நாள் அவர் முட்டியைத் தூக்கியதும் பின்னங்காலை முன்னால் வீசி ஒரே உதை. அவருடைய கால் எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் எனக்குக் கேட்டது.

மூங்கில் பட்டை வைத்துக் கட்டுக் கட்டி, கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். எங்களோடு இருந்த நாத்தனார், அவருக்கு மூத்தவர், வாய்த் துடுக்கு.

"இது குதிரை இல்லடா, எமன். விழுப்புரத்துல அந்த ஆளு கீறாரு இல்ல, அவுருக்குச் சொல்லி அனுப்பு. கீழ தள்ளி நாலு முறுக்கு முறுக்கினா தன்னால அடங்கிப்பூடும்."

"சொல்லி அனுப்பிட்டேங்கா. வர்ற வெள்ளிக்கெழம வர்றாரு."

வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. அதுவரை தீனி யார் போடுவது?

"நான் மாட்டேம்மா. எனக்கு உசுரு மேல ஆசை கீது" என்றார் நாத்தனார். "நீதான் புல்லுக்காரியாச்சே."

எனக்கு அப்போது ஆறு மாசம். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துரட்டிக் கோலில் புல்லைத் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவேன். தண்ணீர்த் தொட்டியை எட்ட நின்றே வாளியால் வீசி நிரப்புவேன். குதிரை காதைப் பின்னால் மடக்கினால் வாளியை அங்கேயே போட்டுவிடுவேன்.

மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் புல்லுக்கட்டு அவிழ்ந்துவிட்டது. கீழே போட்டு, எப்போதும் செய்கிற மாதிரி முட்டியை அதன் மேல் ஊன்றிக் கயிற்றை இழுத்தேன். குதிரை சட்டென்று பின்னால் போனது. கழுத்துக் கயிறு விறைத்தது. தோல் முழுக்கச் சிலிர்த்தது. அறுத்துக்கொண்டு என் மேல் பாயப்போகிறது என்று நினைத்தேன். எழுந்து ஓட முடியவில்லை, உடம்பு கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் வயிறு உப்பி நின்றது. மூச்சே இல்லை.

மெல்ல முட்டியை எடுத்தேன். புஸ்ஸென்று மூச்சு வந்தது.

அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு சந்தேகம். மறுபடி முட்டியைக் கட்டின் மேல் வைத்தேன். மூச்சு நின்றது. எடுத்தேன், விட்டது.

உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது திமுருல ஒதைக்கலீங்க. முட்டியக் கண்டு பயப்படுது."

"எங்கப்பன் இடிச்சாரு, அவுரு அப்பன் இடிச்சாரு. நீ வந்து சொல்றியா? எட்ட நின்னு புல்லு வீசறவ."

"எட்ட நின்னதாலதான் என் காலு முழுசா கீது."

நாத்தனார் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கொல்லைப் படலைச் சாத்திவிட்டு, குதிரையின் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த கையோடு வேலியோரம் போய் நின்றேன். கட்டிப்போட்டதை விலகிப் போக விடாமல் இடித்தால் உதைக்காமல் என்ன செய்யும் என்றுதான் அவிழ்த்தேன். புல்லுக்குப் பக்கத்தில் வாரைப் போட்டேன். அது வாரைப் பார்த்ததும் புல்லை விட்டுவிட்டு மூலைக்குப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். வெயில் ஏறினபோது தானே வந்தது, வாரை முகர்ந்தது, புல்லைத் தின்றது.

அப்புறம் வாரை என் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் அதன் கழுத்தில் வாரால் தொட்டேன். முகத்தைத் திருப்பினால் கையை எடுத்துவிடுவேன். விலகினால் பின்னால் போக மாட்டேன். எனக்கும் அதுதான் சௌகரியம், பின்னால் போகத் தைரியம் ஏது? திரும்பி வந்தால் மறுபடி தொடுவேன். செவ்வாய்க்கிழமை சேணத்தை முதுகில் வைக்க விட்டது. புதன்கிழமை வாரைக் கடைசி ஓட்டையில் தொளதொளவென்று மாட்டினேன். வயிற்றை உப்பியது. நான் இழுக்காமல் நின்றேன். அது மூச்சு விட்டதும் ஒரு ஓட்டை ஏற்றினேன். நாலு அடி நடந்தோம். இன்னொரு ஓட்டை. வாயை மென்றுகொண்டு தலையைத் தாழ்த்தியது. அப்படித் தாழ்த்தினால் பயம் விட்டது என்று அர்த்தம், அது நான் கண்டுகொண்டது.

வியாழக்கிழமை எல்லாம் கெட்டது. வார் பாதி மாட்டியிருந்தபோது நாத்தனார் ஒரு குடம் கழுநீரைக் கொல்லையில் விசிறி ஊற்றினார். குதிரை எகிறியது. சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்க, கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நான் வேலிமுள்ளில் விழுந்தேன். வயிற்றில் அடி படவில்லை, கையெல்லாம் கீறல். அன்று முழுக்க அது என் கிட்டேயே வரவில்லை. மறுநாள் அந்த ஆள் வருகிறார். அடுப்பில் கூழைத் துழாவிக்கொண்டே அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. தோளில் அதே மாதிரிக் கயிற்றுச் சுருள். என் கண் அந்தக் கயிற்றை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரரைக் கட்டிலோடு தூக்கிக் கொல்லைப் படலுக்கு வெளியே போட்டிருந்தார்கள். நான் படலை மறித்து நின்றேன்.

"அண்ணே, ஒரு தபா நான் கட்டிக் காட்டறேன். நிக்கலன்னா நீங்க கயித்தப் போடுங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ விழுப்புரம் ஸ்டேஷன்ல எட்ட நின்னு புல்லு வீசற பொண்ணு இல்ல? நீயா கட்டப்போற? புள்ளத்தாச்சி வேற. யப்பா, உன் பொண்டாட்டிக்குப் பைத்தியமா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒரு தபா போவட்டும், அண்ணே" என்றார்.

உள்ளே போனேன். குதிரை மூலையில் நின்று கண்ணின் வெள்ளையைக் காட்டியது. நடுக்கொல்லையில் சேணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி முதுகைக் காட்டி நின்றேன். கூப்பிடவில்லை.

"சாயங்காலம் வரிக்கும் நிப்பியாம்மா? எனக்கு ரயிலு கீது."

இரண்டு அடி வந்தது. நின்றது. முகத்தைத் திருப்பியது. சேணத்தைக் கீழே வைத்தேன். கயிற்றுச் சுருள் படலில் உரசுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. காலடிச் சத்தம் மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றது.

சேணத்தை வைத்தேன். வாரை எடுத்தேன். வயிறு உப்பியது.

"மூச்சப் புடிக்குது பாரு. முட்டியால ஒண்ணு குடு" என்றார் அந்த ஆள்.

நான் கொடுக்கவில்லை. உதைத்தால் என் வயிற்றில்தான் விழும். பிள்ளை உள்ளே புரண்டது. வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிரையும் நின்றது. பிறகு என் தோளில் சூடாக மூச்சு விழுந்தது. ஒரு ஓட்டை. நடத்தினேன். இன்னொன்று.

அந்த ஆள் கயிற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "உன் கைக்கு நிக்குது. உன் ஊட்டுக்காரன் கைக்கு நிக்குமா?" என்று கேட்டார். மோர் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனார்.

கால் கூடி, என் வீட்டுக்காரர் முதல் நாள் வண்டி பூட்டப் போனபோது பார்த்துக்கொண்டே நின்றேன். சேணம் வைக்க விட்டது. வாரைத் தொட்டதும் வயிற்றை உப்பியது. அவருடைய முட்டி தானாக மேலே எழுந்தது. பாதியில் அவரே அதைப் பார்த்தார். காலைக் கீழே வைத்தார். குதிரை காதை மடக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் வாரை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இந்தா, நீ வா. நீ கட்டு, நான் ஓட்டறேன்" என்றார்.

தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.